இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை

அலுவலகத்தில் எல்லோரும் அவளை லைனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பதை நெருங்குகிறது. லிஃப்ட் உதிரி பாகங்கள் விற்கும் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகக் குப்பை கொட்டுகிறாள். தலைமை அலுவலகத்தில் ஓடும் மென்பொருள் ஒரு கம்பெனி எழுதியது, ஊருக்கு வெளியே கிடங்கில் ஓடுவது இன்னொரு கம்பெனி எழுதியது; இது பேசினால் அதற்குப் புரியாது. இங்கே போட்ட ஆர்டர் தானாகப் போய் அங்கே கிடங்குப் பட்டியலில் விழ வேண்டுமென்றால் நடுவில் ஒரு தொலைதூர இணைப்பு வேண்டும். எந்தக் கணினியைத் தேடிப் போவது, எந்த வாசலில் நுழைவது, என்ன பெயரும் என்ன கடவுச்சொல்லும் சொல்லி உள்ளே போவது என்று ஒவ்வொன்றாக எழுதி வைப்பது அவள் வேலை. எல்லாம் ஒழுங்காக ஓடுகிற வரைக்கும் அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. அறுந்துபோனால் மட்டும் காலை ஆறு மணிக்கே போன் அடிக்கும்.

"உங்க அம்மா என்ன வேலை பாக்கறாங்க?" என்று மகளைக் கல்லூரியில் யாரோ கேட்டார்களாம். "பேசிக்காத ரெண்டு பேருக்கு நடுவுல தூது போற வேலை" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறது அந்தக் கழுதை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கும் கணவர் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டும். கல்யாணத்துக்குத் தூது போகிறவளுக்காவது இரண்டு பக்கமும் மரியாதை கிடைக்கும்.

மூன்று வாரமாக அவளுக்கு இரண்டு தலைவலி.

ஒன்று சின்னது, ஆனால் உயிரை வாங்கியது. கிடங்கு மென்பொருளுக்குள் நுழைய அவளுக்கென்று இருந்த கணக்கு தினமும் பூட்டிக்கொண்டது. கடவுச்சொல்லை ஐந்து தடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும் என்பது விதி. அவள் ஒரு தடவைகூடத் தப்பாகப் போடவில்லை. அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் வெளிக் கம்பெனியின் உதவி மையத்தைக் கூப்பிட்டால், ஒரு பெண் எடுப்பாள்.

"மேடம், அஞ்சு தடவை தப்பா போட்டிருக்கீங்க."

"நான் போடவே இல்லம்மா. இப்பதான் வந்து பைய மேஜைல வெச்சேன்."

"சிஸ்டம் அப்படித்தான் காட்டுது மேடம். திறந்து விட்டுட்டேன். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"இத ஒழுங்கா பண்ணுங்க, அது போதும்."

இரண்டு மணி நேரம் தாங்காது, மறுபடி பூட்டிக்கொள்ளும். மறுபடி அதே பெண், அதே பாட்டு. தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை எல்லோரும் கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டும் என்று மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு புது விதி வந்திருந்தது. அந்த எழவெடுத்த விதி வந்த நாளிலிருந்துதான் இந்தக் கூத்து என்று லைனக்கா அறையில் இருந்த அத்தனை பேரிடமும் சொல்லித் தீர்த்தாள். உதவி மையத்தில் இருப்பவர்கள் அரைகுறைகள் என்பது அவள் கணிப்பு. பத்தொன்பது வருட அனுபவம் இருந்தால் இப்படித்தான், முதல் சந்தேகம் அடுத்தவர் மேல்தான் விழும்.

இரண்டாவது தலைவலி பெரியது. அவசரம் என்று குறித்துப் போட்ட ஆர்டர்களில் பதினொன்று கிடங்கிலிருந்து கிளம்பவே இல்லை. சாதாரண ஆர்டர்கள் நாள் தவறாமல் போய்க்கொண்டிருந்தன. அவசர ஆர்டர் மட்டும் தலைமை அலுவலகத் திரையில் 'அனுப்பப்பட்டது' என்று காட்டும், கிடங்கிலிருந்து பொருள் வராது. அதில் ஒன்று குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் லிஃப்டுக்கான பிரேக். நான்கு நாள் அந்த ஊழியர்கள் நோயாளிப் பிள்ளைகளை மாடிப்படியில் தூக்கி இறக்கியிருக்கிறார்கள். அவர்கள் எழுதிய கடிதத்தை மேலாளர் கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. வலைப்பின்னல் பிரிவின் தலைவர் தன் திரையைத் திருப்பிக் காட்டினார்: எல்லாம் பச்சை. வெளிக் கம்பெனி, எங்கள் பக்கம் பிசகில்லை என்று நான்கே வரியில் கை கழுவியது. லைனக்கா தன் இணைப்பைச் சோதித்தாள், பச்சை. அதில் தேங்கி நிற்கும் ஆர்டர் உண்டா என்று பார்த்தாள், ஒன்றுமில்லை. 'இணைப்பில் குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். மூன்று பேரும் பச்சை என்றால் மிச்சம் இருப்பது ஒரு மனுஷன்தான்.

அந்த மனுஷன் கிடங்கில் பொருளை அனுப்பி வைக்கும் மேற்பார்வையாளர். பட்டியல் அண்ணன் என்று பெயர். காலையில் பட்டியலை அச்செடுத்து, அனுப்பிய ஒவ்வொரு வரிக்கும் சிவப்புப் பென்சிலால் டிக் போடுவார். பத்து வருடத்துப் பட்டியல்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். 'அனுப்பப்பட்டது' என்று வந்த ஆர்டரை இவர் பார்க்காமல் விட்டிருக்கிறார் என்று முடிவாகி, வெள்ளிக்கிழமை பதினொரு மணிக் கூட்டத்தில் அவரை என்ன செய்வது என்று தீர்மானிக்கப் போகிறார்கள். ஓய்வு பெற அவருக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது.

'அனுப்பப்பட்டது என்றால் இங்கிருந்து கிளம்பியது என்றுதான் அர்த்தம், அங்கே போய்ச் சேர்ந்தது என்றில்லை' என்று லைனக்கா மேலாளரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. புதன்கிழமை பேருந்து பிடித்துக் கிடங்குக்கே போனாள். பட்டியல் அண்ணன் மூன்று வாரத்துத் தாள்களையும் அவள் முன்னால் பரப்பினார்.

"நீயே பாரும்மா. என் லிஸ்ட்ல வந்தா நான் விடுவேனா?"

"வரலன்னு எனக்கும் தோணுதுண்ணே. எங்க போச்சுன்னுதான் தெரியல."

"உன் லைன்ல குறையில்லன்னு நீதான எழுதிக் குடுத்த?"

திரும்பி வரும்போது பேருந்தில் யாரோ காலை மிதித்ததற்கு வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டாள். வீட்டில் கணவர் சாதாரணமாக, "வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டதற்கு அவர்மேலும் எரிந்து விழுந்தாள். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு அவள் கணக்கு வழக்கம்போலப் பூட்டிக் கிடந்தது. அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"இதோ பாரும்மா, நான் எப்ப, எங்கேருந்து தப்பா போட்டேன்னு ஒவ்வொண்ணா எழுதி அனுப்பு. இல்லன்னா உன் மேலதிகாரிகிட்டப் பேசறேன்."

"சரி மேடம், கோபப்படாதீங்க, அனுப்பறேன்."

பத்து நிமிடத்தில் வந்தது. படிக்கும்போதே சிரிப்பு வந்தது அவளுக்கு. காலை ஆறு மணி, ஆறு இருபது, ஆறு நாற்பது. இரவு முழுக்கவும் அதே கணக்கு. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த நேரத்திலும் அவள் பெயரில் யாரோ இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கதவைத் தட்டியிருக்கிறார்கள். எந்த மனுஷியாவது இப்படி மணி பார்த்துத் தட்டுவாளா? இதைத் திருப்பி அனுப்பி அந்தப் பெண்ணை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு கேள்வி கேட்க வேண்டும் என்று விரல் பரபரத்தது.

அப்போதுதான் கடைசிப் பத்தியைப் பார்த்தாள். தட்டிய கணினியின் முகவரி அதில் இருந்தது. அது அவள் மேஜைக் கணினி இல்லை. தலைமை அலுவலகத்தில் ஆர்டர்களை அனுப்பும் பெரிய கணினி.

முகவரியை இன்னொரு தடவை எண் எண்ணாகப் படித்தாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, கிடங்கின் கணினி அறைக்குள் மழைத் தண்ணீர் புகுந்து இணைப்பு செத்துப்போனது. அவசர ஆர்டர்களுக்காவது ஒரு தனி வழி போட்டுக் கொடு என்று மேலாளர் தலைமேல் நின்றார். இணைப்பு உள்ளே நுழைவதற்கென்று மனிதர் யாருடையதுமல்லாத ஒரு பொதுக் கணக்கு வேண்டும். அதற்குப் படிவம் எழுதி மூன்று நாள் காத்திருக்க வேண்டும். அவள் காத்திருக்கவில்லை. தன் சொந்தப் பெயரையும் தன் சொந்தக் கடவுச்சொல்லையும் அதில் எழுதி ஓட விட்டாள். திங்கட்கிழமை எடுத்துவிட்டால் போயிற்று என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள் என்றார்கள். பதிவேட்டில் 'தற்காலிக இணைப்பு நீக்கப்பட்டது, அவசர ஆர்டர்கள் முதன்மை இணைப்புக்கு மாற்றப்பட்டன' என்று முதலில் எழுதி வைத்தாள், சாப்பிட்டுவிட்டு வந்து எடுத்துவிடலாம் என்று. சாப்பிட்டுவிட்டு வந்தபோது போன் அடித்தது. அவ்வளவுதான் நடந்தது. அந்த வழியிலேயே ஆறு வருடம் அவசர ஆர்டர்கள் ஒழுங்காகப் போயின, ஏனென்றால் அவள் கடவுச்சொல் மாறவே இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் மாற்றினாள். இணைப்பு பாவம், பழைய சொல்லையே சொல்லிச் சொல்லித் தட்டி, ஒவ்வொரு ஐந்தாவது தடவையும் அவளையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது. அவளோ முதன்மை இணைப்பை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். இல்லை என்று தன் கையாலேயே எழுதிய ஒன்றை எதற்குப் போய்ப் பார்ப்பாள்?

இப்போது பார்த்தாள். அந்த இணைப்பு இருந்தது. பதினொரு ஆர்டரும் அதன் வாசலில் வரிசையாக நின்றன.

சரி செய்யப் பத்து நிமிடம் ஆனது. தன் பெயரை அழித்து, அப்புறம் எப்போதோ வாங்கிச் சும்மா கிடந்த பொதுக் கணக்கைப் போட்டதும் பதினொன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடங்குப் பட்டியலில் போய் விழுந்தன. மணி பத்து இருபது. திரையில் காரணம் கேட்டு ஒரு கட்டம் நின்றது. தேர்ந்தெடுக்க நான்கு விடை: வலைப்பின்னல் கோளாறு, மென்பொருள் கோளாறு, மனிதத் தவறு, மற்றவை. முதல் விடையைத் தொட்டால் போதும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இந்தக் கட்டடத்தில் பாதிப் பேரின் வேலையை அந்த இரண்டு சொல்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அவளுக்கும் வீட்டுக் கடன் இருந்தது, மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு இருந்தது. பத்து நிமிடம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. பிறகு மூன்றாவதைத் தொட்டு, கீழே தன் பெயரை எழுதி, அச்செடுத்துக்கொண்டு பதிவேட்டோடு கூட்டத்துக்குப் போனாள்.

மேலாளரும் பட்டியல் அண்ணனும் மட்டும்தான் அறையில் இருந்தார்கள். அவள் உட்காராமலே சொல்லி முடித்தாள். பதிவேட்டைத் திறந்து தன் கையெழுத்தைக் காட்டினாள். மேலாளர் தன் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நேத்து சாயந்தரமே அண்ணன் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாச்சு. வேலைய விட்டு அனுப்பல, வேற பிரிவுக்குத்தான் மாத்தறோம். ஆர்டரும் போயிடுச்சுங்கற. இத ஏன் இப்ப கிளறணும்?"

"அவர் பண்ணலைங்க. நான் பண்ணது."

"அது புரியுது. மேல என்ன சொல்றது? விசாரணையே தப்புன்னா?"

"தப்புதான். அந்தத் தாளக் குடுங்க, சார்."

அவர் கொடுக்கவில்லை. அவளே கை நீட்டி மேஜைமேல் இருந்ததை எடுத்தாள். பத்தொன்பது வருடத்தில் மேலாளர் மேஜையிலிருந்து எதையும் அவள் கேட்காமல் எடுத்ததில்லை. 'என் கவனக்குறைவால்' என்று தொடங்கி நான்கு வரி, கீழே கையெழுத்து. அதைப் பட்டியல் அண்ணனிடம் கொடுத்தாள்.

"ஏண்ணே போட்டீங்க? லிஸ்ட்ல வரலன்னு அவ்வளவு உறுதியா சொன்னீங்களே."

அவர் தாளை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். கோபப்படுவார், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். கேட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"சொன்னேன்மா. ஆனா எல்லாரும் படிச்சவங்க, எல்லார் பக்கமும் சரியா இருக்குங்கறீங்க. அப்ப நான்தான் பாக்காம விட்டிருக்கேன்னு நெனச்சுட்டேன். போன வாரம் கண் டாக்டர்கிட்டப் போனேன். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னாரு. நம்பாம வேற டாக்டர்கிட்டயும் போய்க் காட்டினேன்." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நிஜமாவே அது என் லிஸ்ட்ல வரலதானே?"

"வரலண்ணே" என்றாள். அவர் இன்னொரு தடவை கேட்டார். அவள் இன்னொரு தடவை சொன்னாள்.