பட்டப்பகலில் இறங்கிய ஷட்டர்

"மாமா, அத்தா மவுத்தாயிட்டாங்க" என்று ரசாக் மகன் போனில் அவர் இறந்த செய்தியைச் சொன்னபோது என் பனியன் யூனிட்டில் கட்டிங் மேஜையருகே நின்றிருந்தேன். என் வலது கை கத்தரியைக் கீழே போட்டது. ஏன் என்று அந்தக் கைக்குத் தெரியும்.

ரசாக் ஒரு வெளிநாட்டு வங்கியின் மேனேஜராக இருந்தவர் என்பது இங்கே கூடியிருக்கும் உங்களுக்கெல்லாம் தெரியும். அந்த வங்கிக்குத் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் மீதுதான் கண். ஆனால் வங்கியே இல்லாத ஊரிலும் கிளை திறந்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பிடிவாதமாகச் சொல்லிவிட்டது. அப்படித்தான் வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், பழைய கொப்பரைக் கிடங்கு ஒன்றில், கடல் கடந்த வங்கி வந்து உட்கார்ந்தது. "எங்களை இங்க அனுப்புனது ஆசை இல்லீங்க, சட்டமுங்க" என்று ரசாக் சிரிப்பார். என் யூனிட் பெண்கள் அத்தனை பேரையும் அங்கே கணக்குத் தொடங்க வைத்தவன் நான்.

பிறகு அந்த வங்கியின் சொந்த நாட்டில் விதிகள் இறுகின. வெளிநாட்டுக் கிளைகளைக் குறைக்கச் சொன்னார்கள். இங்குள்ளவற்றை வேறொரு வங்கிக்குக் கொடுப்பதென்று முடிவானது. ஒப்படைக்கும் முன் கணக்குகளைச் சரிபார்க்க, ஒருநாள் பதினொரு மணிக்கு ரசாக் ஷட்டரை இறக்கினார். ஒட்டிய நோட்டீஸ் ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் பக்கத்தில் பட்டப்பகலில் ஷட்டர் இறங்கினால் முதலாளி பணத்தோடு ஓடிவிட்டான் என்றுதான் அர்த்தம். அப்படி இறங்கிய ஷட்டர்களை நிறையப் பார்த்தவர்கள் நாங்கள்.

"நீங்க சொல்லித்தானுங்கண்ணா பணம் போட்டோம்!" என்று வங்கி வாசலில் திரண்ட கூட்டத்தில் என் யூனிட் பெண் ஒருத்தி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். எனக்கு வெறி தலைக்கேறியது. கற்கள் பறந்தன, போர்டு நொறுங்கியது. பேச வெளியே வந்த ரசாக்கை, ஷட்டர் இழுக்கும் கொக்கிக் கம்பியாலேயே மண்டையில் அடித்தேன். அடுத்த அடி காதோடு இறங்கியது. மூன்றாவதற்கு ஓங்கினேன். அவர் ஓடவில்லை. கண்ணில் ரத்தம் வழிய, "ஓட முடியாதுங்க. திறக்கறதுக்கும் ரிசர்வ் பேங்க்கைக் கேக்கோணும், மூடறதுக்கும் கேக்கோணும். உங்க பணம் அடுத்த பேங்க்குக்குப் போனாத்தான் எங்களை விடுவாங்க" என்றார். கம்பி என் கையிலிருந்து விழுந்தது.

ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டபோது, "ஷட்டர் நழுவி விழுந்துருச்சுங்க" என்றார். பார்த்த கூட்டமும் அதையே சொன்னது. பணம் ஒரு ரூபாய் குறையாமல் வந்தது. அவருடைய இடது காதின் கேட்கும் சக்திதான் திரும்பவில்லை. அதற்குப் பிறகும் தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். ஒரே ஒருமுறை மன்னிப்புக் கேட்டேன், அதையும் அந்தக் காதுப் பக்கம் உட்கார்ந்து கேட்டேன். நான் கோழை.

தம்பி, உங்கள் அத்தா மேல் ஷட்டர் விழவில்லை. நான்தான் அடித்தேன். எனக்காக அவர் சொன்ன பொய்யை இனி வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. அந்தக் கம்பி மட்டும் என்னிடம் இருக்கிறது. நீங்கள் வந்து கேட்டால் உங்கள் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நிற்பேன்.