மரணக் கிணற்றில் ஒலித்த கேசட்

என் கணவரின் கேசட்டை வீட்டில் முதன்முதலாகப் போட்ட அன்று, என் மாமியார் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

"கரண்டு எங்கயோ லீக்காகுதுடா! பொட்டியத் தொடாத!"

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மதுரை திருநகரில் வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவருக்கு மில் அலுவலகத்தில் வேலை. மாலைகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பார். திருவிழா, கல்யாணம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய், சினிமாப் பாட்டுக்குப் பின்னால் யாருக்கும் தொந்தரவில்லாமல் வாசித்துவிட்டு வருவார். ஆளும் அப்படித்தான். குழம்பில் உப்பு இல்லையென்றால்கூடச் சொல்லமாட்டார். எழுந்துபோய் அவரே எடுத்துப் போட்டுக்கொள்வார்.

கோரிப்பாளையத்தில் இருந்த அவருடைய நண்பர் துபாயிலிருந்து லீவில் வந்தபோது ஹெவி மெட்டல் என்கிற மேல்நாட்டு அதிரடி இசைக் கேசட்டுகள் சிலவும், காலால் மிதிக்கிற ஒரு சின்ன இரும்புப் பெட்டியும் கொண்டுவந்து கொடுத்தார். கிட்டார் வயரை அதில் செருகி மிதித்தால், கம்பியின் நாதம் கிழிந்து, கரகரவென்று பெருகிவரும். நண்பரின் மொட்டை மாடியில்தான் பழகினார். நான் அங்கே போனதில்லை. பிறகு மெட்ராஸில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய், தெரிந்த டிரம்ஸ்காரரை வைத்துக்கொண்டு, பாடுகிற குரலே இல்லாத ஓர் ஆல்பத்தைப் பதிவுசெய்து வந்தார்.

மாமியாரைச் சமாதானப்படுத்தி மறுபடி போட்டோம். தகரக் கூரையைப் பெயர்த்துத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு போவது மாதிரி இருந்தது எனக்கு. நடுவில் ஓர் இடத்தில் கிட்டார் அலறியது. இவருக்குள் இவ்வளவு கோபமா? யார் மேல்? என் மேலா? கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை எனக்குத் தெரியவில்லை என்று பயமாகிவிட்டது.

"எப்படி இருக்கு?" என்றார்.

"சத்தமா இருக்குங்க" என்றேன்.

டவுனில் ஒரு கேசட் கடையில் கொஞ்சம் கொடுத்து வைத்தார். வாங்கின ஒன்றிரண்டு பேரும் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். கடைக்காரர் அவரிடம் இரக்கத்தோடுதான் சொன்னார்: "அண்ணே, டேப்பு பூராம் இரையுதுங்கிறாய்ங்க. பதிவு பண்ணின எடத்துல ஏமாத்திட்டாய்ங்க போல." அதைவிட அவரைச் சாய்த்தது குழுத் தலைவர் வீட்டுக்கே வந்து சொன்னது. "மாப்ள, தப்பா எடுத்துக்காத. அந்தக் கேசட்ட கேட்டுட்டு ரெண்டு ஊர்க்காரய்ங்க, கச்சேரிக்கு நீயும் வாரியான்னு பயந்துபோயி கேட்டுட்டாய்ங்க. கொஞ்ச நாளைக்கி நீ வர வேண்டாம்."

அதன்பிறகு அவர் கிட்டாரைத் தொடவில்லை. மிச்சமிருந்த கேசட்டுகள் அட்டைப் பெட்டியோடு பரணுக்குப் போயின.

அடுத்த சித்திரையில் தமுக்கம் பொருட்காட்சிக்குப் போனோம். அப்பளம் வாங்கிக்கொண்டு நடக்கும்போது, ராட்டினத்துக்கு அந்தப்பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. தகரம் கிழிபடுகிற அதே சத்தம். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

மரணக் கிணறு. பலகைகளால் கட்டிய பெரிய வட்டக் கிணற்றின் உட்சுவரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற ஆட்டம். வெளியே கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் அவருடைய கேசட் அலறிக்கொண்டிருந்தது. படியேறி மேலே போய் எட்டிப் பார்த்தோம். கிட்டார் ஏற ஏற, வண்டியும் சுவரில் ஏறியது. விளிம்பு வரை வந்து, வண்டி ஓட்டிய பையன் கையை விட்டபோது சனம் கத்திய கத்தலில் பலகை ஆடியது. சிரிக்கிறார்கள், விசிலடிக்கிறார்கள். ஒருவரும் காதைப் பொத்தவில்லை.

ஆட்டம் முடிந்ததும் நான்தான் அந்த ஓட்டுநரிடம் போய், இது யார் வாசித்தது என்று கேட்டேன்.

"தெரியலக்கா. ஒரு கடையில காப்பி பண்ணிக் குடுத்தாய்ங்க. வெள்ளக்காரனாத்தான் இருக்கும். இது ஓடலைன்னா எனக்கு வண்டி ஏற மனசு வராது."

"இந்தா நிக்கிறாரே, இவர்தான்."

அவன் என் கணவரை மேலும் கீழும் பார்த்தான். மூக்குக் கண்ணாடி, வேட்டி, கையில் பாதி தின்ற அப்பளம். விழுந்து விழுந்து சிரித்தான். "ஏக்கா, சும்மா இருங்க."

இவர் மறுநாள் சாயங்காலம் கிட்டாரையும், இரும்புப் பெட்டியையும், ஆம்ப்ளிஃபயரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நானும் ஏறிக்கொண்டேன். மரணக் கிணற்றுக்கு வெளியே டிக்கெட் கொடுக்கிற மேடையில் நின்று பெட்டியை மிதித்து, கேசட்டின் தொடக்க இசையை வாசித்தார். உள்ளே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த ஓட்டுநர்ப் பையன் துணியோடு வெளியே ஓடி வந்தான். வாய் திறந்தபடி நின்றான். பிறகு திரும்பிப் போய் வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

இவர் இங்கே வாசிக்க, அவன் அங்கே சுற்ற, எது எஞ்சின், எது கிட்டார் என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வேர்த்து வழிந்து நின்றார். அந்த ஆளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பக்கத்தில் போகவே பயமாக இருந்தது. ஆனாலும் ஆட்டம் முடிகிற வரை ஆம்ப்ளிஃபயரை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

பொருட்காட்சி முடியும் வரை தினமும் போனார். அடுத்த ஊருக்கும் வரச்சொல்லிக் கிணற்று முதலாளி கெஞ்சினார். என் கணவர் போகவில்லை. "வேலை இருக்குண்ணே" என்று மெதுவாகச் சொன்னார், அவ்வளவுதான். இன்னோர் ஆல்பமும் பதிவு செய்யவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார், நண்பரின் மாடியில் இல்லை, எங்கள் வீட்டிலேயே. பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தால் வாசலில் போய் நின்று பதில் சொன்னது என் மாமியார்.

"கரண்டு லீக்கு இல்லம்மா, எம் மகன்தான் வாசிக்கிறான். முடிச்சிருவான், போங்க."