வெடியாகிப் போன விலாசங்கள்

நீலத் துணி அட்டை போட்ட நீள நோட்டு அது. சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மாடியில் நடந்த எங்கள் அரசியல் மாத இதழின் சந்தாதாரர் விலாசங்களெல்லாம் அதில்தான் இருந்தன, பெரும்பாலும் என் கையெழுத்தில். எனக்கு அப்போது இருபது வயது. பிழை திருத்துவேன், விலாசம் எழுதுவேன். ஆசிரியரின் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன்.

நெருக்கடி நிலை வந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் தணிக்கைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அதிகாரிகள் அடித்த இடங்களை ஆசிரியர் வெறுமையாக விட்டு அச்சிட்டார். அப்படியும் விடக்கூடாது என்று உத்தரவு வந்தது. அவர் மறுபடியும் விட்டார். கைதுசெய்து கொண்டுபோனார்கள். வாசகர் பட்டியலைத் தேடி அலுவலகத்தைப் புரட்டிப் போட்டார்கள். நோட்டு அன்று நாரணாபுரத்தில், என் வீட்டில் இருந்தது.

அக்கா பஸ் பிடித்து வந்தார். அம்மா பழைய தாளில் வெடிக்குக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். அக்கா நோட்டை வாங்கிப் புரட்டினார்.

“இதுல கவர்மெண்டு வேலையில எம்புட்டுப் பேரு இருக்காக?”

“பாதிப் பேரு வாத்தியாருகதான்க்கா.”

அக்கா நோட்டை மடியில் விரித்தார். பிறகு முதல் தாளைக் கிழித்து அம்மாவிடம் நீட்டினார். “இது குழாய்க்கு ஆகுமாம்மா?” அம்மா பசையைத் தொட்டாள். பொழுது சாய்வதற்குள் நோட்டு முழுவதும் குழாயாகி, மறுநாள் லோடில் பட்டாசுக் கம்பெனிக்குப் போனது. காவல் நிலையத்தில் மூன்று நாள் பகலெல்லாம் உட்காரவைத்தும் அக்கா “தொலைஞ்சு போச்சு” என்பதற்குமேல் பேசவில்லை.

ஆசிரியர் விடுதலையாகி வந்ததும் முதலில் கேட்டது நோட்டைத்தான். அக்கா நடந்ததைச் சொன்னார். ஆசிரியர் “சரி” என்றார். அதன்பின் மூன்று இதழ்கள் வந்தன. யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் நின்றுபோயின. அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அக்காதான், அவர் இறந்த பிறகும், “பத்திரிகைய நான்தானே கொன்னேன்” என்பார். நான் என்ன சொல்லியும் அக்கா மனம் ஆறவில்லை.

போன வருஷம் விருதுநகரில் ஒரு கல்யாண வீட்டில், நான் அந்தப் பத்திரிகையில் வேலை பார்த்தவள் என்று கேள்விப்பட்டு முதியவர் ஒருவர் அருகில் வந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். “நானும் சந்தா கட்டுனவன்ம்மா. போலீஸு வரும், வேலை போயிரும்னு தினமும் பயந்து கெடந்தேன். நாலு பிள்ளைக. ஆனா யாருமே வரலை. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை.”

அப்படியே ஆட்டோவில் ஏற்றி அக்கா வீட்டுக்கு அழைத்துப்போனேன். அதையே திரும்பச் சொல்லச் சொன்னேன். அக்கா அவரிடம் கேட்டார்.

“நாலு பிள்ளைகளும் இப்ப எங்கன இருக்காக?”

அவர் மூத்த மகளிலிருந்து சொல்லத் தொடங்கினார். ஒவ்வொருவர் பேரையும் அக்கா நிறுத்தி, இன்னொரு தரம் கேட்டுக்கொண்டார்.