ஐம்பத்தோராவது இடம்

வெர்டெல் ஓக்ஸ் ஒரு மனிதனை முப்பது வருடம் மனதுக்குள் வைத்துக் கறுவிக்கொண்டிருந்தார். அந்த மனிதனுக்கு அது தெரியவே தெரியாது. எங்கள் ஊர் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கும் முறை நியாயமாக இருக்கிறதென்று வெளியூர்களிலிருந்து வந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போகிறார்கள். நல்லெண்ணத்தில் பிறந்த திட்டம் என்று அறிக்கை எழுதுகிறார்கள். எழுதிவிட்டுப் போகட்டும். கல்வி அலுவலகத்தில் வெர்டெல் அம்மாளுக்குப் பக்கத்துக் கவுன்ட்டரில் பதினோரு வருடம் உட்கார்ந்தவன் நான். அது நல்லெண்ணத்தில் பிறக்கவில்லை, வஞ்சத்தில் பிறந்தது.

எங்கள் ஊர் கெலார்ட் ஃபால்ஸில் ஆறாம் வகுப்புக்கு ஐந்து பள்ளிகள் உண்டு. எல்லோருக்கும் வேண்டியது ஆர்ச்சர்டு ஹில் ஒன்றுதான். அங்கேதான் உருப்படியான ஆய்வுக்கூடம் இருக்கிறது, அங்கேதான் வாத்தியார்கள் வருடக்கணக்கில் நிலைக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் அதற்கு ஒரே ஒரு விதிதான். மார்ச் முதல் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும். வரிசையில் முதலில் நிற்கும் ஐம்பது பேருக்கு இடம். கேட்பதற்கு எவ்வளவு நேர்மையாக இருக்கிறது பாருங்கள். கார் இருப்பவனும், சனிக்கிழமை விடுமுறை உள்ளவனும், தனக்குப் பதிலாக ஆள் நிறுத்தத் தெரிந்தவனும் போட்ட விதி அது.

வெர்டெல் அப்போது மருத்துவமனை சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு துவைத்துக்கொண்டிருந்தார். ஷிப்ட் முடிந்ததும் ஈர ஷூவோடு பனியில் நடந்து விடியும்போது வரிசைக்கு வந்து சேர்ந்தார். பெற்றோர் சங்கத்துப் பெண் ஒருத்தி அட்டையில் தாளைச் செருகி வைத்துக்கொண்டு பேர் எழுதினாள். வெர்டெல் ஐம்பதாவது ஆள். காலில் உணர்ச்சி இல்லை, ஆனால் வாய் ஓயவில்லையாம். முன்னால் நின்றவரிடமும் பின்னால் நின்றவரிடமும் மகள் ஜூனியாவைப் பற்றியே பேச்சு. ஜூனியா சமையலறையில் சோதனை செய்கிறேன் என்று வினிகரையும் சோடா மாவையும் கலந்து மேசையை நாசமாக்கியதை ஏதோ பட்டம் வாங்கிய மாதிரி சொல்லியிருக்கிறார்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கார் வந்து நின்றது. பிரென்டிஸ் லாத்ரப் இறங்கினான். வீடு, மனை விற்கும் தரகன், கையில் ஆவி பறக்கும் காபி. அட்டை வைத்திருந்தவள் சிரித்துக்கொண்டே அவனைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பட்டியலில் அவன் பெயரை மேலே எழுதினாள். வெர்டெல் ஐம்பத்தொன்று ஆனார். அவர் போய்க் கேட்டதற்கு லாத்ரப் கோபப்படக்கூட இல்லை.

“நான் முன்னாடியே சொல்லி வச்சிருந்தேம்மா. வரிசைன்னா இப்படித்தான் இருக்கும். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் சீக்கிரமா வாங்க.”

ஆறாம் வகுப்புக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது. ஜூனியா மில் தெருப் பள்ளிக்குப் போனாள். அங்கே ஆய்வுக்கூடம் என்பது பூட்டிய ஒரு அறை. இன்று அவள் நகரப் பேருந்துகளை நேரம் பார்த்து அனுப்பும் வேலையில் இருக்கிறாள், நன்றாகவும் இருக்கிறாள். அவளுக்கு அந்தக் காலை நினைவில்கூட இல்லை. ஆனால் அம்மாவுக்கு அது ஆறவில்லை.

அடுத்த வருடமே வெர்டெல் சலவை வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக் கல்வி அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். எதற்கு என்று நான் ஒரு தடவை கேட்டேன். அந்த வரிசையைக் கொன்று புதைக்க என்றார். சிரிக்காமல் சொன்னார்.

கல்வி வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச ஒரு மைக் இருக்கும். ஆளுக்கு மூன்று நிமிடம். மாதம் ஒரு கூட்டம், ஒன்பது வருடம். அவர் எழுந்தாலே உறுப்பினர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்களாம். மூன்று நிமிடத்தில் ஒரே ஒரு விஷயம்தான் பேசுவார், அதைக் கையில் ஆதாரத்தோடு பேசுவார். ஒரு மாதம், வரிசையில் நின்றவர்களில் இரவு வேலைக்காரர் எத்தனை பேர் என்று. இன்னொரு மாதம், ஆற்றோரத் தெருக்களிலிருந்து எத்தனை பிள்ளைகள் ஆர்ச்சர்டு ஹில்லில் படிக்கிறார்கள் என்று. விடை நான்கு. கடைசியில் வாரியம் அவர் வாயை அடைப்பதற்காகவே ஒரு குழு போட்டு, அதில் அவரையும் உட்கார வைத்தது. அது அவர்கள் செய்த தப்பு.

இப்போது வரிசை கிடையாது. ஒரு மாதம் முழுக்க மனு வாங்குவோம். முதல் நாள் கொடுத்தாலும் கடைசி நாள் மாலை கொடுத்தாலும் ஒரே மதிப்பு. மனு ஐந்து மொழிகளில் இருக்கும். பிறகு நூலக மண்டபத்தில், எல்லோரும் பார்க்க, குலுக்கல். சர்ச்சில் பிங்கோ ஆட்டத்துக்கு எண் பந்துகளைப் போட்டுச் சுற்றும் கம்பி உருளையை இரவல் வாங்கி வருவோம். வந்திருக்கும் கூட்டத்திலிருந்தே ஒருவர் சுற்றுவார், இன்னொருவர் பந்தை எடுப்பார். இப்போது இடம் அறுபது. அதில் முப்பது ஆற்றோரத் தெருப் பிள்ளைகளுக்கு. இடம் கிடைக்காதவர்களின் காத்திருப்புப் பட்டியல், குலுக்கலில் வந்த அதே வரிசையில், சுவரில் தொங்கும். மேயர் வீட்டுப் பிள்ளையானாலும் நடுவில் நுழைய முடியாது. பொய் விலாசம் கொடுத்தால் இடம் போய்விடும், பெயர் பட்டியலின் அடியில் போய் விழும். இதில் பாதி வரிகள் வெர்டெல் தன் கையால் எழுதியவை. ஒவ்வொன்றையும் படிக்கும்போது அந்தக் காபிக் கோப்பை என் கண்ணுக்குத் தெரியும்.

இந்த வருடக் குலுக்கல் முடிந்த மறு வாரம் லாத்ரப் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

தலை முழுக்க வெள்ளை. நல்ல கம்பளிக் கோட்டு. பேத்தி அட்டலிக்கு ஆற்றோரப் பங்கில் இருபத்தொன்பதாவது இடம் விழுந்திருந்தது. மகளும் பேத்தியும் ஆற்றோரம் டேனரி தெருவில் தான் வாடகைக்கு விடும் வீட்டுக்குக் குடிவந்துவிட்டார்கள் என்றார். விலாசச் சான்றுகளை ஒரு ஒட்டிய உறையில் வைத்து, மேலே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு மூன்றாவது கவுன்ட்டரில் நீட்டினார். அது வெர்டெலின் கவுன்ட்டர். வெர்டெல் உறையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். வைத்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொன்னார். அந்த ஆளுக்கு எதிரே இருப்பது யாரென்று தெரியவில்லை.

அந்த உறை மூன்று நாள் அவருடைய இழுப்பறையில் கிடந்தது. பிரிக்கவில்லை. மதிய உணவுக்குக்கூட எழுந்து போகவில்லை, கொண்டுவந்த சாண்ட்விச்சை அங்கேயே கடித்தார். நான் அந்த இழுப்பறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கும் ஒரு விதி இருக்கிறது: தெரிந்த குடும்பத்தின் மனு வந்தால் அதை வேறு ஆளுக்குக் கைமாற்ற வேண்டும். வைத்துக்கொண்டு மாட்டினால் வேலை போகும். ஜூன் மாதம் அவருக்கு ஓய்வு வேறு. அவர் அதைப் பிரித்து ஏதாவது குறை சொல்லி நிராகரித்தால், லாத்ரப் வக்கீலோடு வந்து பழைய கதையைக் கிளறி, பகையை வைத்துச் செய்ததாகச் சொல்லி அந்த இடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவார். முப்பது வருடம் கட்டியதெல்லாம் சந்தி சிரிக்கும்.

மூன்றாம் நாள் மாலை நான் நாற்காலியை நகர்த்திக்கொண்டு போய், விரோதியும் தெரிந்த குடும்பத்தில்தான் சேர்த்தியா என்று மெதுவாகக் கேட்டேன்.

“எழுதினது நான்தானே லாய்டு. ‘தெரிஞ்சவங்க’ன்னு எழுதித் தொலைச்சேன். ‘பிடிச்சவங்க’ன்னு எழுதியிருந்தா இன்னைக்கு அந்தாளு தோலை உரிச்சிருப்பேன்.”

இழுப்பறையைத் திறந்து உறையை என் மேசையில் போட்டார்.

“நீ பாரு. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். சரியா இருந்தா முத்திரையைக் குத்திடு. நான் எங்கயாவது போய்ச் செத்துக்கறேன்.”

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சுறுசுறுப்பானவன் அல்ல. சான்று சரிபார்க்கும் தாளில் எட்டு வரிகள் உண்டு. எங்கள் அலுவலகத்தில் எல்லோருமே பெயர், விலாசம், தேதி என்ற மூன்றைப் பார்த்துவிட்டு மீதி ஐந்துக்கும் ஒரே இழுப்பில் டிக் போடுவோம். ஒரு நாளைக்கு நாற்பது மனு, வேறு எப்படி முடிப்பது? அன்றும் பெயர் சரி, விலாசம் சரி, தேதி சரி. ஜனவரி மாத கேஸ் பில் மகள் பெயரில் சுத்தமாக இருந்தது. முத்திரையைக் கையில் எடுத்தேன்.

வெர்டெல் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் காத்திருப்புப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. இந்த ஒரு தடவையாவது எட்டு வரியையும் படிப்போம் என்று முத்திரையை வைத்துவிட்டு விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். ஏழாவது வரி: ‘குளிர்கால எரிவாயு, எத்தனை அலகு?’ பில்லைத் திருப்பினேன். இரண்டு.

எங்கள் ஊரில் ஜனவரியில் ஒரு சின்ன வீட்டைச் சூடாக்கக்கூட நூற்றிருபது அலகு ஆகும். இரண்டு அலகில் தண்ணீர்க் குழாய்கூட உறைந்து வெடிக்கும். ஒரு பெண்ணும் பத்து வயதுக் குழந்தையும் அங்கே குடியிருந்தார்களாம்! மனிதர் வீட்டுத் தரகராக நாற்பது வருடம் இருந்தவர். விலாசம் காட்ட பில் வேண்டும் என்று யோசித்தவருக்கு, குடியிருந்தால் குளிரும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

நான் தாளை வீடு பார்க்கும் ஆய்வாளருக்கு அனுப்பினேன். அவர் வேறு வேறு நாளில் இரண்டு காலை அங்கே போனார். படியில் விழுந்த பனியில் ஒரு காலடி இல்லை, ஜன்னலில் திரை இல்லை. மகள் விசாரணையில் இரண்டு கேள்வியிலேயே அழுதுவிட்டாள். எல்லாம் அப்பா யோசனை என்றாள். மூன்று பேர் குழு இடத்தை ரத்து செய்தது. விசாரணை நடந்த அரை மணி நேரமும் வெர்டெல் விதிப்படி கட்டடத்துக்கு வெளியே, குளிரில், நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் லாத்ரப் வந்தார். நேராக மூன்றாவது கவுன்ட்டர். சின்னத் தவறுதான், காத்திருப்புப் பட்டியலில் முதல் இடத்திலாவது போடக்கூடாதா, வாரியத்தில் இன்னும் ஆட்களைத் தெரியும் என்று குரலைத் தாழ்த்திப் பேசினார். வெர்டெல் எழுந்து அவரைச் சுவர் அருகே கூட்டிக்கொண்டு போய்ப் பட்டியலின் அடியில் விரலை வைத்தார். நூற்றுப் பதினாலு. அட்டலி.

“வரிசைன்னா இப்படித்தான் இருக்கும் மிஸ்டர் லாத்ரப். ஆனா சீக்கிரமா வாங்கன்னு சொல்லமாட்டேன். எப்ப வந்தாலும் இங்க ஒண்ணுதான்.”

அவர் விழித்தார். வெர்டெல் சொன்னார், அட்டை, காபி, ஐம்பது, ஐம்பத்தொன்று, எல்லாம். அலுவலகமே கேட்டது. லாத்ரப் முகத்தைச் சுருக்கிக்கொண்டு உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“சத்தியமா எனக்கு ஞாபகமே இல்லைங்க.”

“தெரியும். அதனாலதான் ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே ஞாபகம் வச்சிருந்தேன்.”

அவர் போனபின், அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. ஜூனியாவும் குழந்தைதான் என்று சொல்லிவிட்டு வெர்டெல் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் இரக்கம் என்று துளிகூட இல்லை. இருக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அட்டலிக்கு வேறு பள்ளி உண்டு, தாத்தாவுக்குக் காசும் உண்டு.

காலியான இடம் ஆற்றோரப் பட்டியலின் முதல் பெயருக்குப் போக வேண்டும். ரொசால்பா என்ற பெண்ணின் மகள். ரொசால்பா ரொட்டிக் கடையில் விடியற்காலை வேலை பார்ப்பவள். விதிப்படி மூன்று தடவை போன் செய்வோம், மூன்றும் எடுக்காவிட்டால் அடுத்த பெயர். அந்த வேலையைத் தனக்குக் கொடுக்கச் சொல்லி வெர்டெல் கேட்டார். முதல் நாள் எடுக்கவில்லை. இரண்டாம் நாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் வெர்டெல் ரொட்டிக் கடை ஷிப்ட் எப்போது முடியும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அது முடிந்து பத்து நிமிடம் கழித்துப் போட்டார். அதைத் தடுக்க ஒரு விதியும் கிடையாது. எனக்குத் தெரியும், தேடிப் பார்த்தேன்.

ஐந்தாவது தடவை மணி அடித்தபோது எடுத்தாள். மூச்சு வாங்கும் குரல், பின்னால் பேருந்துச் சத்தம். வெர்டெல் விஷயத்தைச் சொன்னார். ஏதோ தப்பாகக் கூப்பிட்டிருக்கிறீர்கள், எங்களுக்கு அங்கே யாரையும் தெரியாதே என்றாள்.

“யாரையும் தெரிய வேண்டாம்மா. உங்க பொண்ணு முறை வந்திருக்கு. அவளுக்கு முன்னாடி யாரும் நிக்கல.”

வெர்டெல் போனை வைத்தார், மூக்கைச் சிந்தினார், கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.