எதிர்க்கடைப் பேத்தியின் படிப்பு

என் ஏலக்காய்க் கடைக்கு எதிரே அதே வியாபாரம் செய்யும் மாரிச்சாமியின் பேத்தி அபி, இளங்கலையும் முதுகலையும் ஒன்றாக முடிக்கும் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்தாள். நுகர்வோர் பகுப்பாய்வாம். என் பேரனோ மூன்றாண்டுப் பட்டம் வாங்கிவிட்டு, முதுகலைக்கு இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்தான். எனக்கு வயிறு எரிந்தது.

"கடைக்கு வர்றவுகள வேடிக்கை பாக்க அஞ்சு வருசப் படிப்பாப்பா?" என்று மாரிச்சாமியிடம் கேட்டேன்.

"உனக்கு ஏண்ணே புகையுது?" என்று சிரித்தான்.

விடுமுறையில் அபி, படிப்புக்காக என் கடையில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று கேட்டாள். வேவு பார்க்கத்தான் என்று நினைத்தேன். ஆனாலும் மறுக்க கௌரவம் இடம் தரவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது தயங்கி நின்றாள்.

"கோவிச்சுக்காதீக தாத்தா. வாங்க வர்றவுக காயை உரிச்சு உள்ள இருக்குற ஏலரிசி நல்லா கறுப்பா முத்தியிருக்கான்னு பாக்குறாக. நீங்க அவுக கையவே பாத்து, எத்தனை உரிக்கிறாகன்னு எண்ணுறீக. அதுல கூசிப்போயி எங்க கடைக்கு வந்துர்றாக."

முகம் சுட்டது. "இத உங்க தாத்தாட்டயும் சொல்லிட்டியா?"

"உங்க கடைச் சோலிய அவர்ட்ட எதுக்குச் சொல்றேன்?"

மறுநாள் காலையில் ஒரு அம்மா தட்டில் கைவைத்ததும் நான் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டேன். காய் உடையும் சத்தம் கேட்டது. மூன்று என்று மனம் எண்ணிக்கொண்டது.

"கால் கிலோ போடுங்கய்யா" என்றார்.

எதிர்க்கடையிலிருந்து மாரிச்சாமி பார்த்துக்கொண்டிருந்தான். அன்று கடை நன்றாக ஓடியும் என் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. ஆனால் இப்போது அது படிப்பைப் பற்றியதல்ல. இப்படி ஒரு பிள்ளை அவன் வீட்டில் பிறந்திருக்கிறதே என்பதுதான்.