கலங்கல் வரைக்கும்

கோவா விடுமுறைக்கு மூன்றே வேலைகள் எழுதி வைத்திருந்தேன்: குதிரைச் சவாரி, கடல் நீச்சல், தூக்கம். முதல் வேலையின் நடுவில், குதிரை என்னைச் சுமந்தபடி அமைதியான கடலில் இறங்கியது. அதன் ஈர முதுகிலிருந்து எழுந்த வாசனை எங்கள் எருமையை நினைவுபடுத்தியது.

அப்போது எனக்குப் பத்து வயது. உத்திரமேரூர் ஏரியில் எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் நீந்துவேன். அதைக் கழுவி முடித்ததும் பெரியப்பா மகன் சேகர் அண்ணன் அதன்மேல் ஏறி வீட்டுக்குப் போவான். நான் பின்னால் நடக்க வேண்டும். ஒருநாள், நானும் ஏறுவேன் என்றேன்.

“கலங்கல் வரைக்கும் நீஞ்சு, ஏத்துறேன். வாலப் புடிச்சிக்கினே போ, பரவால்ல” என்றான்.

ஏரி நிரம்பினால் நீர் வழியும் கற்சுவர்தான் கலங்கல். எருமை பாதியில் திரும்பிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். அப்படியே திரும்பியது. வாலைப் பிடித்திருந்தால் பத்திரமாகக் கரை சேரலாம், ஆனால் வீட்டுக்கு நடைதான். கையை விட்டேன். இரண்டு வாய் தண்ணீர் குடித்து, கண்டபடி காலை உதைத்து, பாசி வழுக்கும் கலங்கல் கல்லைப் பிடித்தேன்.

கரையோரமாகவே ஓடிவந்த அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. “உயிரோடதான் கீறியா?”

“எருமையப் புடி, ஏறணும்.”

என் செருப்பைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் நடந்தான். வாசலில் நின்ற பெரியம்மா, “இன்னாடா, நீ நடந்து வர்ற?” என்றார்.

“அவ நீஞ்சிட்டா” என்றான், தரையைப் பார்த்தபடி.

குதிரைக்காரர் திரும்பலாம் என்று சைகை காட்டினார். கடிவாளத்தை அவரிடம் கொடுத்துவிட்டுக் கடலுக்குள் நழுவினேன்.