சிவப்புக் குஞ்சும் காட்டுப் பருந்தும்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மருதமுனையில் நெசவுக்காரர் பலருடைய வீட்டில் கோழிக்குஞ்சு மஞ்சளாக இருக்காது. நூல் தோய்த்து மிஞ்சிய சாயத்தில் முக்கிச் சிவப்பாக்கி விடுவார்கள். நிறம் மாறினால் குஞ்சென்று பருந்துக்குத் தெரியாதாம். எந்தப் பருந்து வந்து இவர்களிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போனதோ.

நான் தங்கை. என் வீடும் அக்காவான ராத்தாவின் வீடும் ஒரே வளவுக்குள். கோழிகள் ராத்தாவின் கணவருடையவை, அதாவது என் மச்சானுடையவை. போன வருடம் அவருடைய சிவப்புக் குஞ்சுகளில் நான்கு, ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமல் போயின. அதே நாட்களில்தான் எங்கள் வாகை மரத்துக்கு அந்தப் பருந்து வந்தது. கடற்கரையில் மீன் பொறுக்கும் செம்பருந்து அல்ல. பின்னந்தலையில் கொண்டை, நெஞ்செல்லாம் பழுப்புக் கோடு. மேற்கே வயல்களுக்கு அப்பால் காட்டில் வாழ்வது. காட்டை வெட்டிக்கொண்டே போனால் அது எங்கே போகும்? ஒரு கிழமை, ஏழு நாளும், கவனித்தேன். எலியும் ஓணானும் தூக்கி வந்ததே தவிர, ஒரு குஞ்சைத் தொட்டதை நான் காணவில்லை.

மச்சானுக்கு அதெல்லாம் தேவையில்லை. முற்றத்தில் ஒரு குஞ்சைக் கட்டிப் போட்டு, சுற்றிலும் பழைய மீன்வலையைத் தளர்வாகத் தொங்கவிட்டார். பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்பே பருந்து சிக்கிக்கொண்டது. பசித்த வாய்க்கு முன்னால் தீனியை வைத்துவிட்டு, தொட வந்ததும் கள்ளன் என்பது என்ன நியாயம்? அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள், ஆளுக்கொரு போனைத் தூக்கிக்கொண்டு. படம் எடுக்க இருந்த கைகளில் ஒன்றுகூட வலையை அவிழ்க்க நீளவில்லை.

"மச்சான், அதுவும் அல்லாஹ்ட படைப்புத்தானே. வலைய வெட்டி உட்டுடுங்க," என்று கெஞ்சினேன்.

"உட்டா நாளைக்கும் வரும் மச்சி."

விறகுக் கட்டையால் மூன்று அடி. மூன்றாவது அடி வரைக்கும் அது எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் இன்னொரு குஞ்சைக் காணவில்லை. சற்று நேரத்தில் மச்சானின் செல்லப் பூனை நான் சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் வந்து படுத்தது. மூக்கிலிருந்து மோவாய் வரை அதே சாயச் சிவப்பு. அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவர் மடியில் போட்டேன்.

"சாயத் தொட்டிக்குள்ள வாய வெச்சிருக்கும்," என்றார்.

"தொட்டிக்குள்ள ரெண்டு கிழமையா நீலந்தானே மச்சான் கிடக்கு?"

அவர் பூனையை அணைத்துக்கொண்டு, உடுத்திருந்த சாரன் நுனியில் எச்சில் தொட்டு அதன் வாயைத் துடைக்கத் தொடங்கினார். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பக்குவமாக. பூனையை அடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கையில் இருந்த இரக்கத்தில் பாதி நேற்று இருந்திருந்தால் போதும். வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன்.

"ஒரு பருந்துக்காகவா மச்சி இப்பிடிச் சண்டைக்கு வாறாய்?" என்றார்.

"ஓம் மச்சான். ஒரு பருந்துக்காகத்தான்."